கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?

நரம்புக் கோளாறு என்று போனால் மருத்துவர் முதலில் உடம்பைத் தொடுவதில்லை, கேள்விதான் கேட்கிறார். எப்போது தொடங்கியது? திடீரென்றா, கொஞ்சம் கொஞ்சமாகவா? எந்தப் பக்கம்? அப்போது பக்கத்தில் இருந்தது யார்? கூட வந்தவர்கள் பெரும்பாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே காட்டிக்கொடுத்துவிடும். நரம்பு நோய்களில் பாதிக்கு, வீட்டில் இருந்தவர் கண்ணால் பார்த்ததுதான் முதல் பரிசோதனை. எங்கள் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, பக்கவாதம் வந்தபோது நான் கற்றுக்கொண்டது இது. அதன் பிறகு எங்கள் வீட்டிலும் தெருவிலும் பார்த்ததெல்லாம் இதையே திரும்பத் திரும்ப உறுதிப்படுத்தியது. படிக்கிறவர்களில் ஒருவருக்காவது பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் வடசென்னையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ராயபுரத்துக்காரர்கள். நைனா வலை செப்பனிடுகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும். மற்றவர்களுக்கு வருமானம் நின்றுபோகும் அந்த இரண்டு மாதம்தான் அவருக்கு ஓயாத வேலை. கிழிந்த வலைகள் எல்லாம் அப்போதுதான் கைக்கு வரும். ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துபோய், வேலை மும்முரத்தில் அவர் வாங்காமலே விட்டிருந்தார்.

ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அம்மா டீ கொடுத்தார். நைனா வலது கையால் வாங்கிய டம்ளர் மெல்லச் சாய்ந்து, சூடான டீ தொடையில் கொட்டியது. அவர் பதறவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கூப்பிட்டதும் திரும்பினார். வாயின் வலது ஓரம் தொங்கியிருந்தது. ஏதோ சொல்ல முயன்றார், "நூல்" என்ற ஒரு சொல்தான் வந்தது.

எதிர்வீட்டு ஆயா வாயுப் பிடிப்பு என்று தைலத்தோடு வந்துவிட்டார். இன்னொருவர் புறா ரத்தம் தடவினால் விழுந்த பக்கம் எழுந்துவிடும் என்று ஆள் அனுப்பப் பார்த்தார். அவர்கள் அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் புறா தேடுகிற ஒரு மணி நேரத்தில் ஒரு மனிதரின் பேச்சும் நடையும் போய்விடும். எங்கள் மகளிர் குழுக் கூட்டத்தில் ஒரு செவிலியர் சொல்லிக்கொடுத்தது எனக்கு நினைவிருந்தது: முகம், கை, பேச்சு. நைனாவைச் சிரிக்கச் சொன்னேன், ஒரு பக்கம்தான் அசைந்தது. இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னேன், வலது கை தானாகக் கீழே இறங்கியது. அவர் பெயரைச் சொல்லச் சொன்னேன், மறுபடி "நூல்". உடனே 108-க்கு அழைத்தோம். கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டுகிற எங்கள் பக்கத்துச் சாலைகளில், ஆட்டோவா ஆம்புலன்ஸா என்று யோசிப்பதற்குக்கூட நேரம் இல்லை. ஆம்புலன்ஸில் இருப்பவர்களுக்கு எந்த மருத்துவமனையில் இரவும் பகலும் சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள் என்று தெரியும். அது இல்லாத இடத்துக்கு முதலில் போய், அங்கிருந்து வேறு இடத்துக்கு மாற்றப்படும்போது போகிற நேரம்தான் பலரை முடக்கிவிடுகிறது.

அவசரப் பிரிவில் மருத்துவர் கேட்ட முதல் கேள்விக்கு அண்ணன் "ஐந்து மணிக்கு" என்றார். "அது நீங்கள் பார்த்த நேரம். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்று மருத்துவர் திருப்பிக் கேட்டார். அம்மாதான் பதில் சொன்னார். இரவில் நைனா எழுந்து, சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "மூன்று மணிதான் ஆகிறது, தூங்கு" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். நடந்தார், சொம்பு பிடித்தார், மணி பார்த்தார், தெளிவாகப் பேசினார். ஆக, மூன்று மணிக்கு அவர் நன்றாக இருந்தார். இந்த ஒரு வாக்கியம் அவருடைய சிகிச்சையைத் தீர்மானித்தது.

ஏனென்றால், மூளைக்குப் போகிற ரத்தக்குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கிற ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அந்தக் கணக்கு, நோயாளி கடைசியாக நன்றாக இருந்ததைப் பிறர் பார்த்த நேரத்திலிருந்து தொடங்குகிறது, வீட்டார் கண்டுபிடித்த நேரத்திலிருந்து அல்ல. அம்மா விழித்திருக்காவிட்டால் கணக்கு இரவு பத்து மணியிலிருந்து, அவர் படுக்கப்போன நேரத்திலிருந்து, தொடங்கியிருக்கும். பெரிய குழாய் அடைத்திருந்தால், தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட, தொடை வழியாகக் கம்பி செலுத்திக் கட்டியை வெளியே இழுக்கிற சிகிச்சை உண்டு. அதனால் நேரம் கடந்துவிட்டது என்று நீங்களே முடிவு செய்து வீட்டில் இருந்துவிடாதீர்கள். ஆனாலும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை இருக்கிறது. அடைப்பு நீடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மூளை உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான், ஆனால் உடம்பு செலவழிக்கிற ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. சேமிப்பு என்று எதுவும் அதனிடம் கிடையாது.

ஊசிக்கு முன்னால் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்குழாய் அடைத்தாலும் கை விழும், வெடித்தாலும் கை விழும். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அடைப்புக்கான மருந்தைக் கசிவுக்குக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. எனவே வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. அழுத்தத்தை இறக்குவதாக நினைத்து நாக்கின் கீழ் மாத்திரை வைக்கக் கூடாது. தண்ணீர், காபி, கஞ்சி எதுவும் கூடாது, விழுங்கும் தசையும் செயலிழந்திருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, அவர் சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

பிறகு கூட வேலை செய்கிறவர் ஒருவர் சொன்னார்: அதற்கு ஒரு வாரம் முன்பு வலை பின்னும் ஊசி நைனாவின் கையிலிருந்து நழுவி விழுந்திருக்கிறது. வலது கை பத்து நிமிடம் மரத்துப்போய், பிறகு சரியாகிவிட்டது. அவர் சோடா குடித்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார். தானாகச் சரியான இந்தப் பத்து நிமிடம் பக்கவாதத்தின் முன்னெச்சரிக்கை. அடுத்த சில நாட்களில் பெரிதாக வருவதற்கு அதிக வாய்ப்பு உண்டு. வலி இல்லை, போய்விட்டது என்பதால் யாரும் வீட்டில் சொல்வதில்லை. ஒரு கையோ, ஒரு காலோ, ஒரு கண்ணின் பார்வையோ, பேச்சோ கொஞ்ச நேரம் போய்த் திரும்பினாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

நைனாவின் வலது கை விழுந்தபோது பேச்சும் சேர்ந்து போனதற்குக் காரணம் உண்டு. மூளையிலிருந்து இறங்கும் இயக்க நரம்புகள் மூளைத்தண்டின் அடியில், பிடரி அருகே, பக்கம் மாறுகின்றன, அதனால் இடது மூளை வலது உடம்பை ஆள்கிறது. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சின் இருப்பிடமும் இடது மூளைதான். 1861-இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர், "டான்" என்ற ஓர் ஒலியை மட்டுமே சொல்லக்கூடிய ஒரு நோயாளி இறந்த பிறகு அவர் மூளையைப் பார்த்து, இடது முன்பகுதியில் சேதம் இருந்ததைக் காட்டினார். எங்கள் நைனாவின் சொல் "நூல்". தண்ணீர் வேண்டும் என்றாலும் நூல், அம்மா எங்கே என்றாலும் நூல். தான் சொல்வது தவறு என்று அவருக்கே தெரியும். கோபத்தில் இடது கையால் கட்டிலைக் குத்துவார். பார்க்க வந்தவர்கள் புத்தி கலங்கிவிட்டதாக எண்ணி, அவர் முன்னாலேயே அவரைப் பற்றிப் பேசினார்கள். அவருக்கு எல்லாம் புரிந்தது. பேச்சு மட்டும் போனவரைக் குழந்தையாகவோ பைத்தியமாகவோ நடத்தாதீர்கள். ஆம், இல்லை என்று தலையசைத்துப் பதில் சொல்லும்படி சிறிய கேள்விகளாகக் கேட்டு, காத்திருங்கள்.

பேச்சுப் பயிற்சியாளர் அவரை எண்ணச் சொன்னார். பெயர் சொல்ல வராதவர், ஒன்று இரண்டு மூன்று என்று இருபது வரைக்கும் தங்குதடையில்லாமல் எண்ணினார்! வலைக் கண்ணிகளை எண்ணிப் பழகிய வாய். பாட்டும் அப்படித்தான், வரிசையாக மனப்பாடமானவை வேறு வழியில் வெளியே வருகின்றன. ஆறாவது எண்ணில் நிறுத்தி, "எத்தனை மணிக்கு மாத்திரை?" என்று கேட்டு, "ஆறு" என்று சொல்ல வைத்தார். அங்கிருந்துதான் பேச்சு திரும்பத் தொடங்கியது.

உடற்பயிற்சியாளர் சொல்லித் தந்தவற்றில் பலருக்குத் தெரியாத ஒன்று, விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது என்பது. தசை தளர்ந்த தோளில் மூட்டு எளிதில் இறங்கிவிடும், பிறகு அந்த வலியே பயிற்சியைக் கெடுக்கும். இடுப்பையும் முதுகையும் அணைத்துத்தான் எழுப்ப வேண்டும். படுத்தே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்ட வேண்டும். சாப்பாடு ஊட்டும்போது நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். வலது கையால் செய்யக்கூடியதை நீங்கள் செய்து கொடுத்துவிடாதீர்கள். உயிரோடு இருக்கும் நரம்பணுக்கள் புதிய இணைப்புகளைப் போட்டுக்கொள்வது பயன்படுத்துவதால்தான். முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அதன் பிறகும் நிற்பதில்லை. 2021-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தருகிறார்கள். உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்து கேளுங்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வும் வருகிறது. "எழுந்து நடக்க மனசில்லாமல் கிடக்கிறார்" என்று திட்டப்படுகிற பலர் உண்மையில் மருந்து தேவைப்படுகிறவர்கள்.

நைனாவோடு மருத்துவமனைக்குப் போய்வந்த காலத்தில்தான் நரம்பு எப்படி வேலை செய்கிறது என்பதைத் தேடித் தேடிப் படித்தேன். மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள். அங்கிருந்து இறங்கும் தண்டுவடம் சுமார் 45 செ.மீ. நீளம்தான், நடு முதுகுக்குச் சற்றுக் கீழேயே முடிந்துவிடுகிறது. அதிலிருந்து 31 இணை நரம்புகள் பிரிகின்றன. கால் பெருவிரலை உணரும் நரம்பிழை கீழ் முதுகில் தொடங்கி ஏறத்தாழ ஒரு மீட்டர் ஓடுகிறது. மேலே கொழுப்புறை சுற்றிய நரம்புகளில் செய்தி உறைகளுக்கு இடையிலுள்ள கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குத் தாவிப் போகிறது. சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிப் பக்கம் போகும் மின்சார ரயில் பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று நின்று நின்று போக, விரைவு ரயில் அவற்றைத் தாண்டிப் பாய்கிறதே, அந்த வேறுபாடுதான். உறை உள்ள மிக வேகமான நரம்பில் செய்தி விநாடிக்கு 120 மீட்டர் வரை போகும். வலியை ஏந்தும் உறையில்லாத மெல்லிய இழைகளில் விநாடிக்கு ஒரு மீட்டர் அளவுதான். காலில் கல் இடித்தால் இடித்தது முதலிலும், அந்த விண்ணென்ற வலி ஒரு கணம் கழித்தும் தெரிவது இதனால்தான்.

இந்த நீளக் கணக்கு அம்மாவின் காலைப் புரியவைத்தது. அம்மா கருவாட்டு வியாபாரம் செய்கிறவர், பல வருடமாகச் சர்க்கரை நோய். இரவில் பாதம் எரிகிறது, பஞ்சின் மேல் நடப்பதுபோல் இருக்கிறது என்பார். ஒரு நாள் சந்தையிலிருந்து ஒற்றைக் காலில் மட்டும் ஹவாய் செருப்போடு வந்தார். இன்னொன்று எங்கே கழன்றது என்று அவருக்குத் தெரியவில்லை. சர்க்கரை மிக நீளமான நரம்புகளை முதலில் தாக்குகிறது. அதனால் இரண்டு பாதங்களும் ஒன்றாகப் பாதிக்கப்படும், விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறும், முழங்கால் அளவுக்கு வரும்போது கைவிரல்களும் மதமதக்கத் தொடங்கும். ஒரு பாதம் மட்டும் மரத்தால் சர்க்கரையின் மேல் பழி போட்டுவிட்டுப் படுக்காதீர்கள், முதுகுத்தண்டையும் வேறு காரணங்களையும் பார்க்க வேண்டும்.

மருத்துவர் ஓர் இசைக்கவையை அதிரவிட்டுக் கட்டைவிரலில் வைத்தார். பிறகு வளையும்போது சரியாகப் பத்து கிராம் அழுத்தம் தரும் ஒரு நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, எங்கே தெரிகிறது என்று கேட்டார். கண்ணை மூடிக்கொண்டிருந்த அம்மா பல இடங்களில் "இன்னும் தொடவில்லையே" என்றார். அந்தப் பதில் எனக்கு வயிற்றைக் கலக்கியது. எரிச்சல் குறைந்துவிட்டது என்று மகிழ்கிற பலருக்கு நடந்திருப்பது இதுதான், நரம்பு ஆறவில்லை, உணர்வே போய்விட்டது. ஆணி குத்தினாலும் தெரியாது. ஆடி வெயிலில் திருவொற்றியூர் கோயில் கல்தரையில் வெறுங்காலோடு சுற்றி வந்து, வீட்டுக்கு வந்த பிறகு உள்ளங்காலில் கொப்புளத்தைப் பார்த்தவரை எனக்குத் தெரியும். அம்மா இப்போது எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு போடுகிறார், வார் வைத்தது. காலணிக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் காலை விடுவார். ஒவ்வோர் இரவும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் கண்ணாடியில் பார்க்கிறார். வெந்நீரின் சூட்டை முழங்கையால்தான் பார்க்க வேண்டும், காலால் அல்ல. இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் எடுப்பவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம், அதுவும் இதே மதமதப்பைத் தரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். நரம்பு நோய்களில் எளிதாகச் சரிசெய்யக்கூடியவை சில உண்டு, அதில் இது ஒன்று.

வலிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இங்கேதான் பார்த்தவரின் சாட்சி எல்லாவற்றையும்விடப் பெரியது. நோயாளிக்கு நடந்தது நினைவிருக்காது. மருத்துவரிடம் போகும்போது அவர் நன்றாக இருப்பார். எங்கள் தெருவில் கேரம் மன்றம் இருக்கிறது. சாயங்காலம் ஆனால் பையன்கள் பலகையைச் சுற்றி நெருங்கி நிற்பார்கள். அங்கே விளையாடிக்கொண்டிருந்த பதினாறு வயதுப் பையனுக்கு, ஸ்ட்ரைக்கரைப் பிடித்திருந்த வலது கட்டைவிரல் துடிக்கத் தொடங்கியது. துடிப்பு முழங்கை வரை ஏறி, தலையும் கண்ணும் வலப்பக்கம் திரும்பி, அவன் விறைத்து விழுந்தான். உடனே சாவிக்கொத்து வந்தது, இரும்புக் கம்பி வந்தது, வெங்காயம் வந்தது. நான் அவன் தலைக்கடியில் துப்பட்டாவை மடித்து வைத்து, பலகையைத் தள்ளச் சொல்லி, மணி பார்த்தேன். ஒரு பையன் செல்பேசியில் படம் எடுத்தான். பெரியவர்கள் அவனை அடிக்கப் போனார்கள். எடுக்கட்டும், மருத்துவருக்கு வேண்டும் என்று நான்தான் தடுத்தேன். இரண்டு நிமிடத்துக்குள் அடங்கியது. ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். அதன் பிறகு கொஞ்ச நேரம் அவனுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை, வலது கை தளர்ந்தே இருந்தது.

கையில் இரும்பு கொடுத்ததால் யாருடைய வலிப்பும் நின்றதில்லை. அது தானாக நிற்கிற நேரத்தில் இரும்பும் கையில் இருந்தது, அவ்வளவுதான். வாயில் எதையும் திணிக்கக் கூடாது, பல் உடையும், மூச்சு அடைக்கும். கை கால்களை அழுத்திப் பிடிக்கக் கூடாது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்புவதற்குள் அடுத்தது வந்தாலோ உடனே 108. முதல் முறை என்றால் எத்தனை விநாடி ஆனாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும்.

மருத்துவர் அந்தப் படத்தை மூன்று முறை ஓட விட்டுப் பார்த்தார். வலது கட்டைவிரலில் தொடங்கியது, தலை வலது பக்கம் திரும்பியது. அப்படியென்றால் மின்கிளர்ச்சி இடது மூளையின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் தொடங்கி மற்ற இடங்களுக்குப் பரவியிருக்கிறது. ஸ்கேனில் அந்த இடத்திலேயே நாடாப்புழுவின் இளநிலைக் கட்டி ஒன்று தெரிந்தது. நம் நாட்டில் வலிப்புக்கு இது பரவலான காரணம். "நாங்கள் பன்றிக்கறியைத் தொடுவதே இல்லையே" என்று அவன் தாயார் அழுதார். கறி மூலம் குடலில் புழு வரும். மூளைக்குப் போவது முட்டையிலிருந்து. மனிதக் கழிவு கலந்த தண்ணீர், சரியாகக் கழுவாத கீரை, காய்கறி, சமைப்பவரின் கை என்று முட்டை எப்படி வேண்டுமானாலும் வரலாம். கழிவுநீரும் குடிநீரும் பக்கம் பக்கமாக ஓடுகிற தெருக்களில் இருக்கிற நமக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

மருந்தை ஒழுங்காக எடுத்தால் வலிப்பு நோயாளிகளில் எழுபது சதவீதம் பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும். கெடுப்பவை மூன்று: நன்றாக ஆகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவது, தூக்கம் கெடுவது, குடி. கட்டுப்படும் வரை தனியாகக் கடலில் இறங்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, குளியலறைக் கதவைத் தாழிடக் கூடாது. பெண்ணாக இருந்தால், கருத்தரிக்க நினைக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், சோடியம் வால்ப்ரோயேட் போன்ற சில மருந்துகள் கருவைப் பாதிக்கும். மாத்திரையைத் தாங்களாக நிறுத்துவதும் கூடாது. "பையனுக்குக் கல்யாணம் ஆகுமா" என்பதுதான் அவன் தாயாரின் அடுத்த கவலை. இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக எழுதப்பட்டிருந்ததை 1999-இல் நாடாளுமன்றமே திருத்தி நீக்கிவிட்டது. சட்டம் விட்டதை உறவினர்கள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

என் சொந்தக் கைக்கு வருகிறேன். நான் தையல் வேலை செய்கிறவள். இரவு பாதித் தூக்கத்தில் வலது கை மதமதத்து எழுப்பிவிடும். உதறினால் சற்றுத் தேறும். எந்தெந்த விரல் என்று கேட்டார் மருத்துவர். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி. சுண்டுவிரலுக்கு ஒன்றும் இல்லை. மணிக்கட்டில் ஒரு குறுகலான வழியாகப் போகும் நரம்பு நசுங்குகிறது என்று அந்தப் பட்டியலை வைத்தே சொன்னார். சுண்டுவிரல் சேர்ந்திருந்தால் முழங்கையையோ கழுத்தையோ பார்த்திருப்பார்கள். காசிமேட்டில் நாள் முழுவதும் மீன் வெட்டித் தரும் பெண்களில் பலருக்கு இது இருக்கிறது, கழுத்து நரம்பு என்று சொல்லிச் சுளுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இரவில் மணிக்கட்டு மடங்காமல் பட்டை கட்டித் தூங்கியதில் எனக்குப் பெரும்பகுதி குறைந்தது. தைராய்டு, சர்க்கரை, கர்ப்பம் ஆகியவையும் இதைக் கொண்டுவரும். கட்டைவிரலின் அடிச்சதை வற்றத் தொடங்கினால் காத்திருக்காமல் அறுவை சிகிச்சை பற்றிக் கேட்க வேண்டும். ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவை சிகிச்சைப் பிரிவு நாடறிந்தது, நம் வீட்டு வாசலில் இருப்பது.

துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களின் இடுப்பிலிருந்து கால் வரை இழுக்கும் வலி பெரும்பாலும் ஓய்விலும் பயிற்சியிலும் சில வாரங்களில் அடங்கிவிடும். ஆனால் சிறுநீர் வராமல் நின்றாலோ, அடக்க முடியாமல் போனாலோ, உட்காருமிடம் மரத்தாலோ, இரண்டு கால்களும் தளர்ந்தாலோ அது அவசர அறுவை சிகிச்சைக்கான அறிகுறி. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

முகம் மட்டும் கோணுவது வேறு. முக நரம்பு வீங்கினால் ஒரு பக்கம் முழுவதுமே, நெற்றி உட்பட, செயலிழக்கும், கண் மூடாது. பக்கவாதத்தில் நெற்றி பொதுவாகச் சுருங்கும். முக நரம்பு வீக்கத்துக்கு மூன்று நாட்களுக்குள் மாத்திரை தொடங்கினால் பெரும்பாலோர் முழுக்கத் தேறிவிடுகிறார்கள். அதுவரை கண்ணுக்குச் சொட்டு மருந்து, இரவில் மூடி ஒட்டுவது. ஆனால் எது எது என்று வீட்டில் பிரிக்க வேண்டாம், முகம் கோணினால் போய்விடுங்கள்.

பெரியப்பாவுக்கு நடுக்குவாதம். ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் விவரித்த நோய். கை சும்மா இருக்கும்போது நடுங்கியது, டம்ளரை எடுத்தால் நின்றது. கூட்டுறவுச் சங்கக் கணக்கேட்டில் அவர் எழுத்து வருடா வருடம் சிறுத்துக்கொண்டே போனதை அந்த ஏடுகளே காட்டின. நடுமூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் அணுக்கள் தேய்வதால் இது வருகிறது. லெவோடோபா மாத்திரையைச் சொன்ன நேரத்துக்குத் தர வேண்டும், அரை மணி தள்ளினாலும் உடம்பு கட்டையாகிவிடும். மீன், பருப்பு போன்ற புரத உணவோடு சேர்த்துத் தந்தால் மருந்து உள்ளே போவது குறையும், அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே கொடுத்துவிடுகிறோம்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரயில் பாதையோரச் சுவர்களில் நரம்புத் தளர்ச்சிக்கு மருந்து என்று எழுதிவைத்து இளைஞர்களைப் பயமுறுத்திப் பணம் பறிக்கிறார்கள். அந்தச் சுவர்கள் பேசுகிற நோய் எந்த நரம்பியல் மருத்துவரின் புத்தகத்திலும் இல்லை. உண்மையான நரம்பு நோய் உள்ளவர்களோ அந்த மருந்தைக் குடித்துக்கொண்டு காலத்தைத் தொலைக்கிறார்கள். 1950-இல் பி. ராமமூர்த்தி என்ற மருத்துவர் சென்னைப் பொது மருத்துவமனையில் நரம்பு அறுவை சிகிச்சையைத் தொடங்கிய காலத்திலிருந்து, சென்ட்ரல் எதிரிலேயே ஏழைகளுக்கான நரம்பியல் மருத்துவம் இருக்கிறது. சுவரைப் படிப்பதற்குப் பதில் அங்கே போகலாம்.

எங்கள் வீட்டில் ஒரு பள்ளிக்கூட நோட்டு இருக்கிறது. யாருக்கு எது தொடங்கியதோ அந்த நாள், எந்தப் பக்கம், எவ்வளவு நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், முன்பு எப்போதாவது வந்ததா, இப்போது சாப்பிடும் மாத்திரைகள் எவை, எது நிறுத்தப்பட்டது, ஏன் என்று எழுதி வைக்கிறேன். மருத்துவர்கள் அதை வாங்கிப் படிக்கிறார்கள். வரிசை நீளமாக இருக்கிற புறநோயாளர் பிரிவில் நமக்குக் கிடைக்கிற சில நிமிடத்தில், ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொல்வதைவிட அந்த ஒரு பக்கம் அதிகம் சொல்கிறது. பக்கவாதம் என்றால் மட்டும் எழுத உட்கார்ந்து நேரத்தைப் போக்காதீர்கள். முதலில் 108, ஆம்புலன்ஸ் வருவதற்குள் வீட்டில் ஒவ்வொருவரையும் கேளுங்கள்: கடைசியாக அவரோடு பேசியது யார், அப்போது மணி என்ன?